41 மெகாவாட்டைத் தாண்ட மறுத்த லைன்

செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் காற்றை நம்பி நிற்கும் ஒரு காற்றாலைப் பண்ணை. அதன் மின்சாரமெல்லாம் ஒரு பூலிங் துணைமின்நிலையத்தில் சேர்ந்து, அங்கிருந்து 6 கிலோமீட்டர் நீளமுள்ள 110 கிலோவோல்ட் லைன் வழியாகக் கிரிட் துணைமின்நிலையத்துக்குப் போகிறது. பூலிங் நிலையத்திலிருந்து இன்னொரு 110 கிலோவோல்ட் லைன் பக்கத்துப் பண்ணைக்கும் போகிறது. இரண்டு பண்ணைகளும் சேர்ந்து முழு வீச்சில் ஓடினால் 100 மெகாவாட். அவ்வளவும் இந்த 6 கிலோமீட்டர் லைனில்தான் போயாக வேண்டும்.

இதன் டிஃபரென்ஷியல் ரிலேக்களுக்கு, அதாவது லைனில் பழுது கண்டால் அதைத் துண்டிக்கச் சொல்லும் காவல் கருவிகளுக்கு, மார்ச் மாதம் செட்டிங் ஏற்றி, சோதித்து, தாளில் கையெழுத்துப் போட்டவன் நான். ஜூன் மாதம் என்னை மறுபடி அழைத்தார்கள். அதற்குள் லைன் மூன்று தடவை ட்ரிப் ஆகியிருந்தது, அதாவது ரிலே உத்தரவால் தானாகத் துண்டிக்கப்பட்டு விழுந்திருந்தது.

முதல் தடவை மயில் என்றார்கள். எங்கள் பக்கம் மயிலுக்குக் குறைவில்லை, கம்பியில் அடிபட்டு லைன் விழுவதும் நடப்பதுதான். லைன் ஆட்கள் 6 கிலோமீட்டரும் நடந்து பார்த்தார்கள். ஓர் இறகுகூடக் கிடைக்கவில்லை. இரண்டாவது தடவை காற்றில் கம்பி ஆடியிருக்கும் என்றார்கள். மூன்றாவது தடவைக்குச் சொல்லக் காரணம் எதுவும் மிச்சமில்லாததால் ரிலேயைச் சந்தேகித்தார்கள். ரிலேயைச் சந்தேகித்தால் அடுத்து என்னைத்தானே கூப்பிட வேண்டும்.

கிரிட் நிலையத்துக்குள் நுழைந்ததும் நான் மடிக்கணினியைத் திறக்கப் போனேன். ஷிஃப்ட் ஆபரேட்டர், ஓய்வு பெற இரண்டு வருடம் இருக்கும் மனிதர், லாக் புத்தகத்தை என் முன்னால் தள்ளினார். "முதலில் இதைப் பாருங்கள் தம்பி." மூன்று ட்ரிப்புகளையும் சிவப்பு மையால் வட்டமிட்டிருந்தார். ட்ரிப் ஆவதற்கு முந்தைய லோடு: 41.6, 41.9, 41.5 மெகாவாட்.

"நாற்பத்தொன்றைத் தாண்டினால் போதும், நிற்கமாட்டேன் என்கிறது" என்றார்.

"வேறு யாரிடமாவது சொன்னீர்களா அண்ணாச்சி?"

"சொன்னேன். மயிலுக்கு மெகாவாட் தெரியுமா என்று சிரித்தார்கள்."

பழுதைப் பாதிக்கு மேல் அவர் கண்டுபிடித்துவிட்டார். எனக்கு மிச்சம் இருந்தது, அந்த 41 எங்கிருந்து வருகிறது என்று கணக்குப் போடுவதுதான்.

டிஃபரென்ஷியல் ரிலேயின் தத்துவம் வாய்க்கால் பாசனம் தெரிந்த யாருக்கும் புரியும். மேல் மடையில் விட்ட தண்ணீர் கீழ் மடைக்கு வந்து சேர வேண்டும். சேரவில்லை என்றால் நடுவில் எங்கோ உடைப்பு. லைனின் இரு முனைகளிலும் ஒவ்வொரு ரிலே இருக்கிறது. அங்கங்கே ஓடும் மின்னோட்டத்தை அளந்து, ஃபைபர் வழியாக ஒன்றுக்கொன்று சொல்லிக்கொள்கின்றன. இரண்டையும் கூட்டினால் பூஜ்யம் வர வேண்டும். வராவிட்டால் இரண்டு பக்கமும் பிரேக்கரைத் திறந்து லைனைத் துண்டித்துவிடும்.

சிக்கல் அளக்கும் பாத்திரத்தில். ரிலே நேரடியாக 500 ஆம்பியரை அளப்பதில்லை. சி.டி. எனப்படும் கரண்ட் டிரான்ஸ்ஃபார்மர் அதை ஒரு ஆம்பியர் அளவுக்குச் சுருக்கித் தருகிறது. பூலிங் முனையில் சி.டி. 600/1, அதாவது லைனில் 600 ஆம்பியர் ஓடினால் ரிலேக்கு 1 ஆம்பியர். கிரிட் முனையில் 800/1. ஒருவன் மரக்காலால் அளக்கிறான், மற்றவன் படியால் அளக்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். எது எத்தனை என்று இருவருக்கும் தெரிந்திருந்தால்தான் கணக்கு ஒக்கும். ஆகவே ரிலேக்கு நாம் நான்கு விஷயங்களைச் சொல்கிறோம்: சி.டி.யின் லைன் பக்கமான பிரைமரி எத்தனை, ரிலே பக்கமான செகண்டரி எத்தனை, மூன்று ஃபேஸ் செகண்டரிகளும் ஒன்று சேரும் ஸ்டார் முனை எந்தப் பக்கம், இரு முனைகளையும் ஒரே அடிப்படைக்குக் கொண்டுவரும் திருத்தக் காரணி எவ்வளவு.

மார்ச்சில் நான் ஏற்றியது இது. இருபக்கமும் பொது அடிப்படை 600 ஆம்பியர். பூலிங் முனையில் திருத்தக் காரணி 1.00. கிரிட் முனையில் 800 ÷ 600, அதாவது 1.33. பிக்கப், அதாவது ட்ரிப் ஆகத் தேவையான குறைந்தபட்ச வேறுபாடு, 0.2. ஆம்பியரில் 120. முதல் ஸ்லோப், அதாவது பயாஸோடு சேர்ந்து அந்த எல்லை ஏறும் வீதம், 30 சதவீதம். பயாஸ் அடிப்படையின் 2 மடங்கைத் தாண்டினால், அதாவது 1200 ஆம்பியருக்கு மேல், இரண்டாவது ஸ்லோப் 150 சதவீதம். இரண்டு முனை லைனுக்குப் பரவலாக வைக்கப்படும் எண்கள்தான், புதுமை ஒன்றுமில்லை. பயாஸ் என்பது இரு முனை மின்னோட்டங்களின் சராசரி. அது ஏற ஏற, ட்ரிப் ஆவதற்குத் தேவையான வேறுபாடும் ஏறும். லோடு கூடும்போது சி.டி.க்களின் சிறு பிழைகளும் கூடுமே, அதற்குக் கொடுத்த இடம் அது.

இனி மூன்றாவது ட்ரிப்பின்போது ரிலே எடுத்து வைத்த பதிவு. யாராவது முன்பே கேட்டு வாங்கியிருந்தால் மயில் கதை அன்றே முடிந்திருக்கும். பூலிங் முனை 219 ஆம்பியர். கிரிட் முனை 438 ஆம்பியர். வேறுபாடு 219. மூன்று ஃபேஸிலும் இதே கதை. மின்னழுத்தம் துளியும் சரியவில்லை. இரு முனைகளுக்கும் இடையே கோணம் 180 டிகிரி, அதாவது ஒரு முனையில் உள்ளே, மறுமுனையில் வெளியே, இருக்க வேண்டியபடியே. அதே லைனைத் தனியாகக் காவல் காக்கும் டிஸ்டன்ஸ் ரிலே எதையும் பார்க்கவில்லை.

219 உள்ளே, 438 வெளியே. 6 கிலோமீட்டர் கம்பி தானாக 219 ஆம்பியரைச் சுரக்காது. அதைவிட என்னை உறுத்தியது அந்த விகிதம். உண்மையான பழுது இப்படிச் சரியாக இரண்டு மடங்கு என்று கணக்கு வைத்து வராது. முழு எண் விகிதம் கண்ணில் பட்டால் மனிதக் கை பட்ட இடத்தைத்தான் தேட வேண்டும்.

கிரிட் முனை ரிலே உண்மையைப் போல் இரு மடங்கு பார்க்கிறது என்று வைத்துக் கணக்குப் போட்டேன். லைனில் உண்மையில் ஓடும் மின்னோட்டம் ஐ என்றால், ரிலேயின் கண்ணுக்கு ஒரு பக்கம் ஐ, மறுபக்கம் 2 ஐ. வேறுபாடு ஐ. சராசரி 1.5 ஐ. ட்ரிப் எல்லை 120 + 0.3 × 1.5 ஐ, அதாவது 120 + 0.45 ஐ. ஐ இதைத் தாண்ட வேண்டுமானால் 0.55 ஐ, 120-ஐத் தாண்ட வேண்டும். விடை 218 ஆம்பியர். 110 கிலோவோல்ட்டில் 218 ஆம்பியர் என்பது 41.5 மெகாவோல்ட்-ஆம்பியர். காற்றாலை லோடில் பவர் ஃபேக்டர் ஏறக்குறைய ஒன்று, ஆகவே மெகாவாட்டும் ஏறக்குறைய அதே. அண்ணாச்சியின் சிவப்பு வட்டத்துக்குள் இருந்த எண்ணேதான்.

ஃபைபர் தகவல் தொடர்பையும் ஒரு நிமிடம் சந்தேகித்தேன், மறைக்கவில்லை. டிஃபரென்ஷியல் ரிலே என்றாலே எல்லோரும் முதலில் கை நீட்டுவது அங்கேதான். போகும் பாதைக்கும் வரும் பாதைக்கும் தாமதம் வேறுபட்டால் ரிலே அந்த வேறுபாட்டில் பாதியைக் கோணப் பிழையாகப் பார்க்கும். 1 மில்லி விநாடி வேறுபாடு, 50 ஹெர்ட்ஸில் 9 டிகிரி. ஆனால் அப்படி நடந்தால் இரு முனை அளவும் ஒன்றாக இருந்து கோணம் மட்டும் விலகும். இங்கே கோணம் சரி, அளவு விலகல். மேலும் எங்கள் ஃபைபர் லைனின் தரைக்கம்பிக்குள்ளேயே நேராகப் போகிறது. 6 கிலோமீட்டருக்குத் தாமதம் 30 மைக்ரோ விநாடிதான். ஃபைபர் நிரபராதி.

இப்போது என் மார்ச் மாதத் தாளுக்கு வருகிறேன். லோடில் வைத்துப் பார்த்த சோதனையின் அளவுகள் அதில் இருக்கின்றன. பூலிங் முனை 12 ஆம்பியர், கிரிட் முனை 24 ஆம்பியர், வேறுபாடு 12 ஆம்பியர் அல்லது 0.02, கோணம் 180, சரி. கீழே என் கையெழுத்து.

24-க்கும் 12-க்கும் இடையிலுள்ள வித்தியாசம் பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். எனக்குத் தெரியாமல் போனது எப்படி? மார்ச்சில் அங்கே காற்று இல்லை. லைனில் 2 மெகாவாட்தான் ஓடியது. 600-க்கு 12 என்பது 2 சதவீதம். திரையில் 0.02 என்று பார்த்ததும், சிறிய மின்னோட்டத்தில் சி.டி.யும் ரிலேயும் காட்டும் வழக்கமான பிசிறு என்று மனம் முடிவு கட்டிவிட்டது. நான் பயந்துகொண்டிருந்தது போலாரிட்டிக்கு, அதாவது சி.டி. மின்னோட்டத்தின் திசைக்கு. அது தலைகீழாக இருந்தால் கோணம் பூஜ்யமாக வரும். 180 என்று வந்தது. அந்த மகிழ்ச்சியில் விகிதத்தைப் பார்க்கவில்லை.

வேறுபாட்டை 600-ஓடு ஒப்பிட்டது என் தவறு. ஓடிக்கொண்டிருந்த 12 ஆம்பியரோடு ஒப்பிட்டிருக்க வேண்டும். அப்போது அது 2 சதவீதம் அல்ல, நூறு சதவீதம்.

சரி, ஏன் இரு மடங்கு? எந்த முனை பொய் சொல்கிறது என்று முதலில் உறுதி செய்ய வேண்டும். கிரிட் முனையின் எனர்ஜி மீட்டர் தனி கோரில், அதாவது சி.டி.க்குள் இருக்கும் வேறோர் இரும்பு வளையச் சுற்றில், இருக்கிறது, அது 219-ஐ ஒட்டியே பதிந்திருந்தது. ஆகவே பூலிங் முனை சொல்வது உண்மை. மூன்றாவது ட்ரிப்புக்குப் பிறகு லோடை 40 மெகாவாட்டுக்குள் கட்டி வைத்திருந்தார்கள். நான் பார்க்கும்போது 38 ஓடிக்கொண்டிருந்தது, அதாவது சுமார் 200 ஆம்பியர். கிரிட் ரிலே பேனலின் பின்பக்கம் போய், டிஃபரென்ஷியல் கோரின் கம்பியில், கழற்றாமலே மின்னோட்டம் அளக்கும் டாங் டெஸ்டரைக் கவ்வவிட்டேன். மில்லி ஆம்பியர் வரை படிக்கும் டெஸ்டர், சாதாரண எலெக்ட்ரீஷியன் டெஸ்டர் இந்த வேலைக்கு உதவாது. 800/1 என்றால் 0.25 வர வேண்டும். வந்தது 0.50. மூன்று ஃபேஸிலும்.

அந்த சி.டி.யின் பெயர்ப்பலகையில் 800-400/1 என்று இருக்கிறது. ஒரே கோரில் இரண்டு விகிதங்கள். செகண்டரியில் மூன்று முனைகள்: 1எஸ்1, 1எஸ்2, 1எஸ்3. முதல் இரண்டுக்கு இடையே எடுத்தால் 400/1. முதலுக்கும் மூன்றாவதுக்கும் இடையே எடுத்தால் 800/1. சி.டி. கம்பிகளைச் சேர்த்து ரிலே பேனலுக்கு அனுப்பும், யார்டில் இருக்கும் மார்ஷலிங் பாக்ஸைத் திறந்தால், கம்பிகள் 1எஸ்2-இல் அழகாக, ஃபெரூல் எண்ணோடு, இறுக்கமாக உட்கார்ந்திருந்தன. வயரிங் செய்தவர் ஒரு தவறும் செய்யவில்லை. கதவின் உட்புறம் ஒட்டியிருந்த வரைபடத்தின்படியே செய்திருந்தார். அந்த வரைபடம் ஏ திருத்தம். திட்டம் 50 மெகாவாட் என்று இருந்த காலத்தில் வரைந்தது, அதில் 400/1. பிறகு திட்டம் 100 ஆனது, சி திருத்தத்தில் 800/1 ஆனது. செட்டிங் கணக்கு சி-யைப் பார்த்துப் போட்டது. பெட்டி ஏ-யைப் பார்த்துக் கட்டியது.

பிரைமரி இன்ஜெக்‌ஷன் சோதனையில், அதாவது சி.டி.யின் பிரைமரியில் மின்னோட்டம் செலுத்திப் பார்த்தபோது, தெரிந்திருக்க வேண்டாமா என்று கேட்பீர்கள். செய்திருந்தார்கள், அறிக்கையும் இருக்கிறது: 800/1, தேர்ச்சி. ஆனால் அளந்தது சி.டி.யின் சொந்த டெர்மினல் பெட்டியில், கேபிள் கட்டுவதற்கு முன்னால். சி.டி. தேறியது உண்மை. ரிலேக்கு வந்து சேரும் மின்னோட்டத்தை யாரும் அளக்கவில்லை. நான் செய்த செகண்டரி இன்ஜெக்‌ஷனோ ரிலேயின் டெஸ்ட் பிளாக்கில் தொடங்கி ரிலேயில் முடிந்தது. இரண்டு சோதனைகளுக்கும் நடுவில் 160 மீட்டர் கேபிளும் ஒரு பெட்டியும் யாருக்கும் சொந்தமில்லாமல் கிடந்தன.

ஒரு கிளைக் கணக்கு. தவறு இதற்கு நேர்மாறாக இருந்திருந்தால், அதாவது சி.டி. 800-இல் இருந்து ரிலே 400 என்று நம்பியிருந்தால், வேறுபாடு 0.5 ஐ, சராசரி 0.75 ஐ. ட்ரிப் ஆக 436 ஆம்பியர், ஏறக்குறைய 83 மெகாவாட் தேவைப்பட்டிருக்கும். அது ஆடிக் காற்று வரும்வரை ஒளிந்திருந்து, பண்ணை முழு வீச்சில் சம்பாதிக்கும் நாளில் வெளியே வந்திருக்கும்.

காரணம் தெரிந்ததும் தொலைபேசியில் மேலிடத்திலிருந்து வந்த யோசனை எதிர்பார்த்ததுதான்: "செட்டிங்கில் 800-ஐ 400 ஆக்குங்கள், இரண்டு நிமிட வேலை, ஷட்டவுன் எதற்கு?" காற்று வீசும் மாதத்தில் லைனை நிறுத்து என்று சொல்வது யாருக்கும் எளிதல்ல. அவர் கேட்டதில் நியாயம் இல்லாமல் இல்லை. நான் மறுத்ததற்கு மூன்று காரணங்கள்.

சிறியதை முதலில் சொல்லிவிடுகிறேன். அது இரண்டு நிமிட வேலை அல்ல. எங்கள் ரிலே 1-க்குக் குறைவான திருத்தக் காரணியை ஏற்காது. கிரிட் முனை 400 ஆனால் 400 ÷ 600 என்பது 0.67, அதை எழுத முடியாது. அடிப்படையையே 400-க்கு இறக்கி, கிரிட் முனையில் 1.00, பூலிங் முனையில் 1.50 என்று மாற்ற வேண்டும். அப்போது 0.2 என்ற பிக்கப்பும் 120 ஆம்பியரிலிருந்து 80-க்கு இறங்கிவிடும். இரண்டு முனைகளிலும் ஆள் நிற்க வேண்டும், இடைப்பட்ட நேரம் டிஃபரென்ஷியலைப் பூட்டி வைக்க வேண்டும். ஒரு முனையில் மட்டும் மாற்றிவிட்டு ஜீப்பில் மறுமுனைக்குப் போனால், போய்ச் சேரும்வரை இரு முனைகளும் வெவ்வேறு அடிப்படையில் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும்.

இரண்டாவது, முழு லோடு. 100 மெகாவாட் என்றால் 525 ஆம்பியர். 400/1-இல் செகண்டரியில் 1.31 ஆம்பியர் தொடர்ந்து ஓடும். சி.டி.யும் அதற்குக் கட்டப்பட்டதல்ல.

மூன்றாவதுதான் என்னை அசைய விடாதது: நீ பாயிண்ட் வோல்ட்டேஜ். பெயர்ப்பலகையில் பி.எஸ். வகுப்பு, அதாவது பாதுகாப்பு ரிலேக்களுக்கான சி.டி. வகை, 800/1-இல் 800 வோல்ட் என்று போட்டிருக்கிறது. அந்த மின்னழுத்தத்துக்கு மேல் இன்னும் 10 சதவீதம் கூட்டினால் காந்தமாக்கும் மின்னோட்டம் 50 சதவீதம் எகிறும். அதாவது இரும்பு நிறைந்துவிட்டது, இனி சி.டி. சொல்வதை நம்ப முடியாது. பாதிச் சுற்றுகளை மட்டும் எடுத்தால் இந்த 800 வோல்ட்டும் பாதியாகி 400 ஆகிவிடும். பலருக்கு இது நினைவில் நிற்பதில்லை. விகிதம் மாறினால் செட்டிங் மாறும் என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

பூலிங் நிலையத்தில் லைன்களெல்லாம் சேரும் பஸ்பாரிலோ பக்கத்துப் பண்ணைக்குப் போகும் லைனின் தொடக்கத்திலோ ஒரு பழுது நடந்தால், கிரிட் பக்கத்திலிருந்து எங்கள் லைன் வழியாக சுமார் 9 கிலோ ஆம்பியர் பாயும். அந்தப் பழுது எங்கள் லைனில் இல்லை, ஆகவே எங்கள் டிஃபரென்ஷியல் அசையக் கூடாது. 800/1-இல் செகண்டரி மின்னோட்டம் 11.25 ஆம்பியர். சி.டி.யின் சொந்த மின்தடை 4 ஓம். 160 மீட்டர் 4 சதுர மில்லிமீட்டர் தாமிரக் கேபிள், போகவும் வரவும் சேர்த்து 1.5 ஓம். மொத்தம் 5.5. ரிலேயின் பாரம் சொல்லும் அளவுக்கு இல்லை. பழுதுப் பாதையின் எக்ஸ்/ஆர் விகிதம், அதாவது ரியாக்டன்ஸுக்கும் மின்தடைக்கும் உள்ள விகிதம், 8 என்றால், பழுது தொடங்கும்போது கூடவே வரும் டி.சி. கூறுக்காக 1 + 8, அதாவது 9-ஆல் பெருக்க வேண்டும். 11.25 × 5.5 × 9 = 557 வோல்ட். 800-க்குள் அடங்குகிறது.

400/1-இல்? மின்னோட்டம் 22.5. சி.டி. மின்தடை பாதியாகி 2 ஓம், ஆனால் கேபிள் பாதியாகாது, அதே 1.5. மொத்தம் 3.5. 22.5 × 3.5 × 9 = 709 வோல்ட். கைவசம் இருப்பது 400. சி.டி. நிறைந்து, தன் பங்கைக் குறைத்துச் சொல்லும். பூலிங் முனை சி.டி. சரியாகச் சொல்லும். பக்கத்து வீட்டுப் பழுதுக்கு எங்கள் லைன் விழும். இரண்டாவது ஸ்லோப் ஓரளவு தாங்கும், எவ்வளவு என்று என்னால் கையெழுத்துப் போட்டுத் தர முடியாது. மார்ச்சில் ஒரு கையெழுத்துப் போட்டு மாட்டிக்கொண்டது போதும்.

மேலிடம் ஒப்புக்கொண்டது. இரண்டு நாள் 40 மெகாவாட்டோடு ஓட்டி, மூன்றாம் நாள் காற்று சற்றுத் தணியும் விடியற்காலை எல்.சி., அதாவது லைனை நிறுத்தி வேலை செய்ய அனுமதி, வாங்கினோம்.

வேலை என்று பார்த்தால் மூன்று கம்பிகளைக் கழற்றி ஓர் அங்குலம் தள்ளி மாட்டுவதுதான். அதற்கு முன்னால் செய்தவை அதிகம். லைனை இரு முனையிலும் பிரித்து எர்த் போட்டோம். இரண்டு ரிலேக்களையும் டெஸ்ட் நிலைக்குக் கொண்டுபோய், ட்ரிப் லிங்குகளைத் திறந்தோம். இது முக்கியம்: டிஃபரென்ஷியல் ரிலேயில் ஒரு முனையில் மின்னோட்டம் செலுத்தினால் மறுமுனையும் ட்ரிப் கொடுக்கும். 6 கிலோமீட்டருக்கு அப்பால் பிரேக்கர் மேல் யாராவது ஸ்பேனரோடு உட்கார்ந்திருந்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள்.

மார்ஷலிங் பாக்ஸில் 1எஸ்2 கம்பிகள் மூன்றையும் 1எஸ்3-க்கு மாற்றினோம். உதவிக்கு வந்த பையன், காலியான 1எஸ்2-ஐ 1எஸ்1-ஓடு ஷார்ட் செய்யப் போனான். பயன்படுத்தாத சி.டி.யை ஷார்ட் செய்ய வேண்டும் என்று அவனுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அது முழுதாகப் பயன்படுத்தாத கோருக்கு. ஒரே கோரில் ஒரு டேப், அதாவது சுற்றிலிருந்து எடுத்த ஒரு முனை, வேலையில் இருக்கும்போது இன்னொரு டேப்பை ஷார்ட் செய்தால் கோரே ஷார்ட் ஆகிவிடும், ரிலேக்கு ஒன்றும் வராது. மிச்சமுள்ள டேப் திறந்தே இருக்க வேண்டும். அவன் கையைப் பிடித்தபோது, எனக்கு முதல் வருடம் இதே இடத்தில் வாங்கிய திட்டு நினைவுக்கு வந்தது. அதனால் திட்டாமல் தாளில் படம் போட்டுக் காட்டினேன்.

ஸ்டார் முனை பற்றியும் சொல்ல வேண்டும். லைனின் இரு முனைகளிலும் சி.டி. பிரைமரியின் பி1 என்ற பக்கம் பஸ்பாரைப் பார்க்கிறது. ஆனால் கிரிட் முனையில் 1எஸ்1-களைச் சேர்த்து ஸ்டார் கட்டியிருக்கிறார்கள். ஆகவே ஸ்டார் பஸ்பார் பக்கம். பூலிங் முனையில் எஸ்2-களைச் சேர்த்திருக்கிறார்கள். அங்கே ஸ்டார் லைன் பக்கம். இரண்டும் சரி, செட்டிங் மட்டும் அதனதன் வயரிங்கைச் சொல்ல வேண்டும். இரண்டு முனையிலும் ஒரே மாதிரி இருந்தால் அழகு என்று யாராவது ஒன்றை மாற்றினால் லோடு ஏறியதும் தெரியும். ஸ்டாரின் எர்த் ஒரே இடத்தில்தான் இருக்கிறதா என்று, அதைக் கழற்றிவிட்டு, காப்பு மின்தடை அளக்கும் 500 வோல்ட் மெக்கரால் பார்த்தோம். சுத்தமாக இருந்தது.

பிறகு சோதனைகள். செகண்டரி மின்தடை 2-ஐ ஒட்டி இருந்தது 4-ஐ ஒட்டி வந்தது. அதுவே பாதி நிம்மதி. போலாரிட்டிக்குப் பழைய முறைதான்: 9 வோல்ட் பேட்டரியின் நேர்முனை பி1-இல், எதிர்முனை பி2-இல், நடுவில் பூஜ்யம் உள்ள முள் மீட்டரின் நேர்முனை 1எஸ்1-இல். பேட்டரியைத் தொட்டவுடன் முள் வலப்பக்கம் துள்ள வேண்டும், எடுத்தவுடன் இடப்பக்கம். துள்ளியது. இரும்பு எந்த மின்னழுத்தத்தில் நிறைகிறது என்று பார்க்கும் எக்ஸைடேஷன் சோதனையில் 1எஸ்1-க்கும் 1எஸ்3-க்கும் இடையே ஏற்றினோம், வளைவு 800-ஐத் தாண்டித்தான் முறிந்தது. இந்தச் சோதனையை 1எஸ்2-இல் செய்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: அங்கே 400 வோல்ட் கொடுத்தால் திறந்திருக்கும் 1எஸ்3-இல் 800 நிற்கும். பெட்டிக்குள் கை வைக்காதீர்கள். முடிந்ததும் மின்னழுத்தத்தை மெதுவாகப் பூஜ்யத்துக்கு இறக்கி, இரும்பில் மிச்சக் காந்தம் தங்காமல் பார்த்துக்கொண்டோம்.

கடைசியாக, மார்ச்சில் யாரும் செய்யாதது. சி.டி.யின் பிரைமரியில் 200 ஆம்பியர் செலுத்தி, ரிலே பேனலில் நின்று அளந்தோம். மூன்று ஃபேஸிலும் ஒவ்வொன்றாக: ஆர் 0.25, ஒய் 0.25, பி 0.25. ரிலேயின் திரையில் 200. பூலிங் முனையிலும் அதே 200 ஆம்பியர், அங்கே 0.333, திரையில் 200. அந்தப் பக்கத்து வரைபடத்தையும் பெட்டியையும் ஒப்பிட்டேன், பொருந்தியது.

11.40-க்கு லைனைச் சார்ஜ் செய்தோம். லோடு 60 ஆம்பியர். இரு முனையும் 60, வேறுபாடு 1. உடன் இருந்தவர்கள் சாமான்களைக் கட்டத் தொடங்கினார்கள். நான் கட்டவில்லை. 60-இல் சரி என்று வருவதை 340-இல் பார்க்காமல் இந்தத் தடவை தாளில் எழுதுவதில்லை என்று உட்கார்ந்துவிட்டேன். 40 என்ற கட்டுப்பாட்டை எடுக்கச் சொல்லிவிட்டு, அண்ணாச்சி கொண்டுவந்த தயிர்ச் சோற்றைச் சாப்பிட்டோம்.

மாலை 4 மணிக்கு மேல் காற்று எடுத்தது. 150, 190, 210. 218-ஐத் தாண்டியபோது கட்டுப்பாட்டு அறையில் யாரும் பேசவில்லை. 5 மணிக்கு பூலிங் 341, கிரிட் 338, வேறுபாடு 4 ஆம்பியர். கோணம் 180. புதுத் தாளில் வேறுபாடு என்ற பத்திக்குப் பக்கத்தில் ஒரு பத்தி கோடு போட்டு, 'ஓடும் லோடில் எத்தனை சதவீதம்' என்று எழுதி, 1.2 என்று நிரப்பினேன். மார்ஷலிங் பாக்ஸ் கதவிலிருந்த ஏ திருத்தத்தைக் கிழித்து, சி-யை ஒட்டினேன்.

நான் ஊருக்குக் கிளம்பிய பிறகு, இரவு 9 மணிக்கு அண்ணாச்சி லாக் புத்தகத்தின் பக்கத்தைப் படமெடுத்து அனுப்பினார். 480 ஆம்பியர், 91 மெகாவாட், வேறுபாடு 5. இந்தத் தடவை நீல மை.